காலையில் கனக்கும் நோய்: மெலங்கோலியா

பெரியம்மா சாயங்காலம் ஆறு மணிக்கு மேல் கொஞ்சம் பேசுவார். விளக்கேற்றிய பிறகு கூடத்தில் வந்து உட்கார்ந்து, கேட்டதற்கு ஒன்றிரண்டு வார்த்தையில் பதில் சொல்வார். தட்டில் வைத்ததில் ஒரு இட்லியாவது உள்ளே போகும். மறுநாள் விடிந்ததும் பார்த்தால் பழையபடி சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்திருப்பார். பல் தேய்க்கக்கூட எழுந்திருக்க முடியாது. "ராத்திரி நல்லாத்தானே இருந்தாங்க? விடிஞ்சா மட்டும் என்ன வந்துடுது? வேலை செய்யணும்னதும் நடிக்கிறாங்க" என்று வீட்டுக்குள்ளேயே பேச்சு எழுந்தது. நானும் அப்படி நினைத்திருக்கிறேன்.

மாதங்கள் கழித்து ஒரு மனநல மருத்துவர் உட்காரவைத்து விளக்கியபோதுதான் புரிந்தது. நடிப்பு என்று நாங்கள் எண்ணிய அந்த ஏற்ற இறக்கம்தான் நோயைக் காட்டிக்கொடுக்கும் அடையாளம். விடியலில் உச்சத்துக்குப் போய், பொழுது சாயச் சாயச் சற்றே இறங்கும் மனச்சோர்வு ஒன்று இருக்கிறது. அதற்கு மெலங்கோலியா என்று பெயர். மனச்சோர்வுக்கு மருத்துவம் வைத்த மிகப் பழைய பெயர் அது. இன்று அரிதாகவே காதில் விழுகிறது.

எல்லாவற்றையும் 'டிப்ரஷன்' என்ற ஒரே மூட்டைக்குள் கட்டிவிட்டதுதான் காரணம். தேர்வில் மதிப்பெண் குறைந்தவரும் அந்தச் சொல்லைச் சொல்கிறார். மூன்று வாரமாகச் சோறு இறங்காமல் படுத்திருப்பவருக்கும் அதே சொல்தான். தமிழில் இன்னொரு சிக்கலும் சேர்ந்துகொள்கிறது. செய்தித்தாள்களில் டிப்ரஷனுக்கு 'மன அழுத்தம்' என்று எழுதிவிடுகிறார்கள். அழுத்தம் என்றால் வெளியிலிருந்து ஏதோ அழுத்துகிறது, அதை எடுத்துவிட்டால் சரியாகிவிடும் என்ற எண்ணம் சொல்லோடு ஒட்டிக்கொண்டே வந்துவிடுகிறது. "உனக்கு என்ன குறை? வீடு இருக்கு, பிள்ளைங்க நல்லா இருக்காங்க" என்ற கேள்வி அங்கிருந்துதான் பிறக்கிறது. பெரியம்மாவுக்குக் குறை ஒன்றும் இல்லைதான். நோய் இருந்தது. மனச்சோர்வு என்ற சொல்லே எனக்குப் பொருத்தமாகப் படுகிறது.

சாதாரண மனச்சோர்வில் மனம் இருண்டு கிடந்தாலும் நல்லது ஒன்று நடந்தால் கொஞ்சம் அசைந்துகொடுக்கும். நெருங்கிய தோழி வந்தால் அரை மணி நேரம் முகம் தெளியும். மெலங்கோலியாவில் இந்த அசைவே நின்றுபோகிறது. பெரியம்மா ஆறு வருடம் காத்திருந்து பிறந்த பேரனை ஊரிலிருந்து தூக்கிக்கொண்டு வந்தார்கள். குழந்தையைப் பார்த்தால் எழுந்துவிடுவார் என்று எல்லோருக்கும் நம்பிக்கை. யாரோ கொடுத்த துணிப்பையை வாங்கி வைத்துக்கொள்வதுபோல் குழந்தையை மடியில் வாங்கி வைத்துக்கொண்டார். "பார்த்தா சந்தோஷம் வரணும்னு தெரியுது. வரமாட்டேங்குதே" என்றார். அதைச் சொல்லும்போது அவர் அழவில்லை. அழவும் முடியவில்லை என்றுதான் பிறகு சொன்னார்.

மனநோய்களை வகைப்படுத்த அமெரிக்க மனநல மருத்துவச் சங்கம் 2013-இல் வெளியிட்ட டிஎஸ்எம்-5 கையேடு இதைத்தான் முதல் நிபந்தனையாக வைக்கிறது. ஏறக்குறைய எல்லாவற்றிலும் இன்பம் அற்றுப்போயிருக்க வேண்டும், அல்லது வழக்கமாக மகிழ்விக்கும் எதற்கும் மனம் அசையாமல் இருக்க வேண்டும். அதோடு வேறு ஆறு குறிகளில் குறைந்தது மூன்று தென்பட வேண்டும். வழக்கமான துக்கத்திலிருந்து தரத்திலேயே வேறுபட்ட ஒரு வெறுமை. காலையில் கூடும் வேதனை. வழக்கத்தைவிட இரண்டு மணி நேரமாவது முன்பே விழித்துவிடுவது. உடலசைவு கண்கூடாக மந்தமாவது அல்லது பதற்றத்தில் ஓயாமல் இருப்பது. பசி செத்து எடை குறைவது. அளவுக்கு மீறிய குற்றவுணர்ச்சி. இந்த ஆறில் நான்கைந்தை உடலில் பார்த்துவிடலாம், பக்கத்தில் இருப்பவர் கண்ணிலேயே படும். மனதுக்குள் என்ன என்று கேட்டுத்தான் கண்டுபிடிக்க வேண்டும் என்பதில்லை.

உடலசைவைத்தான் இந்த நோயின் மையம் என்கிறார் சிட்னியைச் சேர்ந்த மனநல மருத்துவர் கார்டன் பார்க்கர். அவர் குழுவினர் உருவாக்கிய 'கோர்' என்ற அளவுகோலில் 18 குறிகள் உண்டு. நோயாளியிடம் எதுவும் கேட்க வேண்டாம், உட்கார்ந்து பார்த்தாலே மதிப்பெண் போட்டுவிடலாம். கேள்விக்கும் பதிலுக்கும் நடுவே விழும் நீண்ட இடைவெளி, தாழ்ந்து தேயும் குரல், அசையாத முகம், தோள் சரிந்த நடை. சிலரிடம் இதற்கு நேர்மாறாக, கைகளைப் பிசைந்துகொண்டு கூடத்துக்கும் அடுப்படிக்குமாக நடந்துகொண்டே இருப்பது, "என்னாகுமோ, என்னாகுமோ" என்று ஒரே வரியைத் திரும்பத் திரும்பச் சொல்வது. மந்தமாகிப் படுப்பவரைச் சோம்பேறி என்கிறார்கள்; ஓயாமல் நடப்பவருக்குக் காத்து கருப்பு அண்டிவிட்டது என்று வேப்பிலை அடிக்கிறார்கள். இரண்டும் ஒரே நோயின் இரண்டு தோற்றங்கள்.

குற்றவுணர்ச்சி தனி விசித்திரம். பெரியம்மாவுக்கு இருபது வருடத்துக்கு முந்தைய பத்து ரூபாய் நினைவுக்கு வந்தது. மளிகைக் கடைக்காரர் மீதிச் சில்லறையைத் தவறிக் கூடுதலாகக் கொடுத்துவிட்டாராம், இவர் திருப்பிக் கொடுக்கவில்லையாம். அதற்காகப் போலீஸ் வரும் என்றார். கடைக்காரர் காலமாகி வருடங்கள் ஆகிவிட்டன என்று சொன்னோம். "அந்தப் பாவமும் என்மேலதான்" என்று பதில் வந்தது. தர்க்கம் அங்கே எடுபடாது. நோய் முற்றும்போது இத்தகைய எண்ணம் அசைக்க முடியாத மாயநம்பிக்கையாக இறுகுகிறது. சொத்தெல்லாம் போய்விட்டது என்பார்கள், குடல் அழுகிவிட்டது என்பார்கள். 1880-இல் பிரெஞ்சு மருத்துவர் ஜூல் கோதார் விவரித்த நிலையில் நோயாளி தனக்கு உறுப்புகளே இல்லை, தான் இறந்தேவிட்டதாகச் சொல்வார்.

துக்கத்துக்கும் இதற்கும் எல்லை எங்கே என்ற கேள்வி நியாயமானது. தமிழ் இலக்கணம் துக்கத்துக்கென்றே கையறுநிலை என்று ஒரு துறை வகுத்து வைத்திருக்கிறது. தலைவனை இழந்தவர் பாடுகிறார். இழந்தது யாரை என்பது பாட்டிலேயே தெரியும். துக்கம் அலைபோல வரும், போகும், நடுவே இறந்தவரைப் பற்றிய ஒரு பழைய வேடிக்கைக்குச் சிரிப்பும் வந்துவிடும். துக்கத்தில் இருப்பவர் தன்னையே இழிந்தவராக நினைப்பதில்லை. துக்கத்தில் உலகம் வெறுமையாகிறது, மெலங்கோலியாவில் தன்னகமே வெறுமையாகிறது என்று 1917-இல் சிக்மண்ட் பிராய்டு எழுதியது இன்றும் பொருந்துகிறது. ஆனால் இழப்பு ஒன்று நடந்துவிட்டது என்பதாலேயே மெலங்கோலியா இல்லை என்று தள்ளிவிடக் கூடாது. சாவுக்குப் பிறகும் வரும், பணி ஓய்வுக்குப் பிறகும் வரும், எதுவுமே நடக்காமலும் வரும். எதனால் வந்தது என்பதைவிட எந்த வடிவில் வந்திருக்கிறது என்பதுதான் முக்கியம்.

பெயரின் கதையும் தமிழருக்கு அந்நியமில்லை. கிரேக்கத்தில் மெலாஸ் என்றால் கருப்பு, கோலே என்றால் பித்தம். அச்சமும் துயரமும் நெடுநாள் நீடித்தால் அது மெலங்கோலியா என்று ஹிப்போகிராட்டஸ் மரபின் மருத்துவ வாசகம் ஒன்று சொல்கிறது. உடலில் கரும்பித்தம் மிகுவதால் வருவது என்று நம்பினார்கள். நம் சித்த மருத்துவத்தில் கரும்பித்தம் என்று தனியாக இல்லாவிட்டாலும், பித்தம் என்ற உடல்நீரிலிருந்தே பித்து என்ற மனநிலைக்கும் சொல் கிளைத்திருக்கிறது. பித்தம் தலைக்கேறியது என்று இன்றும் சொல்கிறோம். சிவனையே "பித்தா" என்று கூப்பிட்ட மொழி இது. கரும்பித்தம் என்ற திரவம் உடலில் கிடையாது என்பது பின்னால் தெளிவாகிவிட்டது. ஆனாலும் மனதின் நோய்க்கு உடலில் வேர் தேடிய அந்த உள்ளுணர்வு வீண்போகவில்லை.

வேர் இருக்கும் இடங்களில் ஒன்று, சிறுநீரகத்தின் தலையில் தொப்பிபோல் உட்கார்ந்திருக்கும் அட்ரினல் சுரப்பி. அது சுரக்கும் கார்ட்டிசால் ஒவ்வொரு நாளும் ஒரு தாளத்தில் ஏறி இறங்கும். விடியலில் உச்சம், நள்ளிரவில் அடிமட்டம். மெலங்கோலியா நோயாளிகளில் பலருக்கு இந்த இறக்கம் சரியாக நடப்பதில்லை. இதைச் சோதிக்க ஒரு வழி உண்டு. கார்ட்டிசாலைப் போலவே செயல்படும் டெக்ஸாமெத்தசோன் மாத்திரையை இரவு பதினொரு மணிக்கு ஒரு மில்லிகிராம் கொடுத்தால், போதுமான அளவு இருக்கிறது என்று மூளை எண்ணிக்கொண்டு மறுநாள் கார்ட்டிசால் சுரப்பை அடக்கிவிட வேண்டும். மெலங்கோலியாவில் ஏறக்குறைய மூன்றில் இரண்டு பேருக்கு அது அடங்குவதில்லை என்று 1981-இல் மனநல மருத்துவர் பெர்னார்ட் கரோல் குழுவினர் காட்டினார்கள். மனநோய்க்கு ரத்தப் பரிசோதனை கிடைத்துவிட்டது என்று அப்போது பெரிய எதிர்பார்ப்பு கிளம்பியது. ஆனால் எடை குறைந்தவர்கள், மறதிநோய் உள்ளவர்கள், குடியை நிறுத்தியவர்கள் என்று வேறு பலருக்கும் அதே முடிவு வந்ததால் அன்றாட மருத்துவத்தில் அது நிலைக்கவில்லை. தூக்கத்திலும் தாளம் பிசகுகிறது. கண் அயர்ந்து ஏறத்தாழ ஒன்றரை மணி நேரம் கழித்து வரவேண்டிய முதல் கனவுக்கட்டம் மிக முன்னதாகவே வந்துவிடுகிறது. விடிகாலை மூன்று மணிக்கு விழித்துக்கொண்டு கூரையைப் பார்த்துக் கிடப்பவரின் உடலுக்குள் கடிகாரமே கெட்டிருக்கிறது. அவரிடம் போய் "மனசைத் தைரியமா வெச்சுக்கோ" என்பது, காய்ச்சல்காரரிடம் சூட்டைக் குறைத்துக்கொள் என்பதற்குச் சமம்.

இந்த நோய்க்கென்றே பிறந்ததுபோல ஒரு மருந்து 1950-களில் கிடைத்தது. சுவிட்சர்லாந்தில் போடன் ஏரிக்கரையில் உள்ள மூன்ஸ்டர்லிங்கன் மருத்துவமனையில் ரோலண்ட் கூன் என்ற மருத்துவர் பணியாற்றினார். கைகி என்ற மருந்து நிறுவனம் கொடுத்த ஜி 22355 என்ற வேதிப்பொருளை மனச்சிதைவு நோயாளிகளுக்குக் கொடுத்துப் பார்த்தார்கள். பலனில்லை. கடும் மனச்சோர்வு நோயாளிகளுக்குக் கொடுத்தபோது சில வாரங்களில் எழுந்து நடமாடினார்கள். அதுதான் இமிப்ரமின். கூன் தன் கண்டுபிடிப்பை 1957-இல் சூரிச்சில் நடந்த உலக மாநாட்டில் வாசித்தபோது கேட்டவர்கள் ஒரு டஜன் பேர்தான். அவர் உன்னிப்பாகக் குறித்துவைத்த ஒன்று: எல்லா மனச்சோர்வுக்கும் இது ஒரே மாதிரி கேட்பதில்லை, உடல் கனத்து, அசைவு மந்தமாகி, காலையில் மோசமாகும் வகைக்குத்தான் நன்றாகக் கேட்கிறது.

அந்தக் குறிப்பை உலகம் கொஞ்சம் மறந்துவிட்டது என்பதே என் ஆதங்கம். 1980-இல் வந்த டிஎஸ்எம்-3 எல்லா வகைகளையும் பெரும்பாலும் ஒரே தலைப்பின் கீழ் கொண்டுவந்து, மெலங்கோலியாவை அதன் ஒட்டுக்குறிப்பாக வைத்தது. 2010-இல் பார்க்கர், மேக்ஸ் பிங்க், எட்வர்ட் ஷார்ட்டர் உள்ளிட்டோர் இதைத் தனி நோயாக்க வேண்டும் என்று வாதாடினார்கள். 2013-இல் வந்த டிஎஸ்எம்-5-இல் அது ஏற்கப்படவில்லை. உலக சுகாதார நிறுவனத்தின் ஐசிடி-11 நோய்ப் பட்டியலிலும் ஒட்டுக்குறிப்புதான். வகைப்பாட்டுச் சண்டை மருத்துவர்களுக்குள் நடக்கட்டும், ஆனால் அதன் விளைவு நோயாளியின் படுக்கைவரை வருகிறது. எல்லாம் ஒன்று என்றால் சிகிச்சையும் ஒன்றுதான் என்றாகிவிடுகிறது.

நம் ஊரில் இந்த நோயாளி முதலில் போய்ச் சேருவது பெரும்பாலும் வயிற்று மருத்துவரிடம். "பசியே இல்லை, வாயெல்லாம் கசக்குது, நெஞ்சு பாரமா இருக்கு, எடை குறையுது" என்று சொன்னால் யாருக்கும் முதலில் குடல்தான் நினைவுக்கு வரும். பெரியம்மாவுக்கு எண்டோஸ்கோப்பி, ஸ்கேன் எல்லாம் எடுத்தார்கள். எல்லாம் நார்மல் என்று தெரிந்ததும் வைட்டமின் மாத்திரையோடு அனுப்பிவிட்டார்கள். இரண்டு மாதம் அதில் போனது. பரிசோதனைகள் வேண்டாம் என்று சொல்லவில்லை. தைராய்டு குறைபாடு, பி12 குறைபாடு, பார்க்கின்சன் நோய், ஸ்டீராய்டு மருந்துகள் என்று இதே தோற்றம் தரக்கூடியவை பல இருப்பதால் அவற்றைப் பார்த்தே ஆகவேண்டும். எல்லாம் நார்மல் என்று வந்த பிறகு தூக்கத்தையும் காலை நேரத்தையும் பற்றி இரண்டு கேள்வி கேட்டிருந்தால் போதும். 2015–16-இல் பெங்களூரின் நிம்ஹான்ஸ் மனநல நிறுவனம் நடத்திய தேசிய மனநலக் கணக்கெடுப்பில், மனச்சோர்வு நோய் உள்ளவர்களில் சுமார் 85 விழுக்காட்டினர் சிகிச்சை பெறாமலே இருந்தார்கள்.

மருந்துகளில் முதலில் எழுதப்படுவது எஸ்சிட்டலோப்ராம், செர்ட்ராலின் போன்ற புதிய வகைகள்தான். பாதுகாப்பானவை, பலருக்குப் போதுமானவை. ஆனால் கடும் மெலங்கோலியாவில் இமிப்ரமின் போன்ற பழைய டிரைசைக்ளிக் வகை மருந்துகளுக்கு இன்னும் இடமுண்டு. டென்மார்க்கில் பல்கலைக்கழக மருத்துவர் குழு ஒன்று மருத்துவமனையில் சேர்க்கப்பட்டிருந்த நோயாளிகளிடம் 1986-லும் 1990-லும் நடத்திய ஆய்வுகளில், பழைய க்ளோமிப்ரமின் புதிய சிட்டலோப்ராமையும் பராக்ஸெடினையும் முந்தியது. பழைய மருந்துகளுக்கு விலையும் உண்டு. வாய் வறளும், மலம் கட்டும், எழுந்தால் தலை சுற்றும், ப்ராஸ்டேட் வீங்கிய ஆண்களுக்குச் சிறுநீர் தடைபடலாம். இதயத் துடிப்பைப் பாதிக்கும் என்பதால் ஈசிஜி பார்த்தே தொடங்க வேண்டும். அளவு மீறினால் உயிருக்கு ஆபத்து, ஆகவே மாத்திரை அட்டை நோயாளியின் கையில் இருக்கக் கூடாது. எந்த மருந்தானாலும் பலன் தெரிய இரண்டு முதல் ஆறு வாரம் ஆகும். பத்து நாளில் "ஒண்ணும் கேக்கலை" என்று நிறுத்திவிடுவது வீடுகளில் நடக்கும் பெரிய தவறு. மாயநம்பிக்கைகள் இருந்தால் அவற்றுக்கான மருந்தும் சேர வேண்டும். முன்பு எப்போதாவது தூக்கமே இல்லாமல், அளவுக்கு மீறிய உற்சாகத்தில், பணத்தை வாரி இறைத்த காலம் இருந்ததா என்று மருத்துவர் கேட்டால் குடும்பத்தார் மறைக்காமல் சொல்ல வேண்டும். இருதுருவ நோயின் சோர்வுக்கட்டம் பலமுறை இதே உருவில் வரும்; அதற்குச் சிகிச்சை வேறு.

பேச்சுவழிச் சிகிச்சையை நான் மதிக்கிறேன். நோய் தணிந்த பிறகு வாழ்க்கைக்குத் திரும்ப அது பெரிதும் உதவும். வாயில் வார்த்தை வராத கட்டத்தில் அதை மட்டும் நம்பியிருப்பதுதான் தவறு.

இனி எல்லோரும் பயப்படும் ஈசிடி. கரண்ட் வைப்பது, ஷாக் ட்ரீட்மென்ட் என்று ஊரில் சொல்வார்கள். மருத்துவர் அந்தச் சொல்லை உச்சரித்ததும் பெரியப்பா நாற்காலியிலிருந்து எழுந்துவிட்டார். "என் பொண்டாட்டியைக் கட்டிவெச்சு கரண்ட் விடுவீங்களா சார்?" என்று கேட்டார். சினிமாவில் பார்த்ததுதான் அவர் மனதில் இருந்தது. மருத்துவர் கோபப்படாமல், நாளை காலை வந்து வெளியே நின்று பாருங்கள் ஐயா என்றார்.

பார்த்தோம். இரவிலிருந்து வெறும் வயிறு. மயக்க மருத்துவர் நரம்பில் ஊசி போட, ஒரு நிமிடத்துக்குள் தூங்கிவிட்டார். தசை தளர்த்தும் மருந்து போனது. பற்களுக்கு நடுவே ரப்பர் தடுப்பு, முகத்தில் ஆக்சிஜன். நெற்றிப்பொட்டில் சில நொடிகள் மின்துடிப்பு. உடல் துள்ளவில்லை. தளர்த்தும் மருந்து போகாதபடி பட்டை கட்டியிருந்த ஒரு பாதம் மட்டும் அரை நிமிடம்போல் துடித்து நின்றது. மூளைக்குள் நடக்கும் அந்த வலிப்புதான் சிகிச்சை, மின்சாரம் அதைத் தூண்டும் திரி மட்டுமே. அரை மணி நேரத்தில் கண் விழித்துத் தண்ணீர் கேட்டார். 1938-இல் ரோம் நகரில் செர்லெட்டி, பினி என்ற மருத்துவர்கள் இதைத் தொடங்கியபோது மயக்கமருந்து இல்லை. அந்தக் காலத்துக் காட்சிதான் திரையில் உறைந்துபோய்விட்டது. இந்தியாவில் 2017-ஆம் ஆண்டின் மனநலப் பராமரிப்புச் சட்டம், மயக்கமருந்தும் தசைத்தளர்த்தியும் இல்லாமல் ஈசிடி கொடுப்பதைத் தடைசெய்துவிட்டது.

பொதுவாக வாரத்துக்கு இரண்டு அல்லது மூன்று முறை, மொத்தம் 6 முதல் 12 முறை. உடல் மந்தம், மாயநம்பிக்கை, முதிய வயது ஆகிய மூன்றும் உள்ளவர்களுக்குத்தான் இது மிக நன்றாகக் கேட்கிறது. அதாவது மெலங்கோலியாவின் கடுமையான வடிவத்துக்கு. சாப்பாடும் தண்ணீரும் நிறுத்திவிட்டவருக்கு மாத்திரை வேலைசெய்யும்வரை காத்திருக்க நேரமில்லை. உயிரிழப்பு ஒரு லட்சம் முறைக்குச் சுமார் இரண்டு என்ற அளவில்தான். ஆனால் பக்கவிளைவே இல்லை என்று சொன்னால் அது பொய். தலைவலி, அன்றைக்குக் கொஞ்சம் குழப்பம் இருக்கும். சிகிச்சை நடந்த வாரங்களின் நினைவு பலருக்கு மங்கிவிடும். சிலருக்கு அதற்கு முந்தைய மாதங்களின் சில நினைவுகள் திரும்புவதே இல்லை. சம்மதக் கையெழுத்துக்கு முன் இதை மருத்துவர் வாய்விட்டுச் சொல்ல வேண்டும், குடும்பம் கேட்க வேண்டும்.

உயிராபத்தைப் பற்றிப் பேசாமல் இருக்க முடியாது. "நான் இருந்து யாருக்கு என்ன பிரயோஜனம்" என்ற வார்த்தை வந்தால் பேச்சை மாற்றாதீர்கள். சாக வேண்டும் என்று தோன்றுகிறதா என்று நேராகவே கேட்கலாம். கேட்பதால் அந்த எண்ணம் புதிதாக வந்துவிடாது. மருந்து தொடங்கிய முதல் வாரங்களில் கவனம் கூடுதலாக வேண்டும் என்று மருத்துவர்கள் காலங்காலமாக எச்சரித்துவருகிறார்கள். அசைவு முதலில் திரும்பும், நம்பிக்கை பின்னால்தான் வரும். வீட்டில் மாத்திரைகளும் வயலுக்கான பூச்சிமருந்தும் பூட்டில் இருக்கட்டும். காட்டுமன்னார்கோவில் பகுதிக் கிராமங்களில் பூச்சிமருந்தைப் பொது இடத்தில் பூட்டிய பெட்டகங்களில் வைக்கும் ஏற்பாட்டை தற்கொலைத் தடுப்பு அமைப்பான ஸ்நேகாவின் நிறுவனர் மருத்துவர் லட்சுமி விஜயகுமாரும் குழுவினரும் செய்துபார்த்தார்கள், பலன் தெரிந்தது. உடனே யாரிடமாவது பேச வேண்டுமென்றால் 14416 என்ற டெலி மானஸ் மனநல உதவி எண்ணில் தமிழிலேயே பேசலாம், இலங்கையில் 1926. தமிழ்நாட்டில் மாவட்ட அரசு மருத்துவமனைகளில் மனநலப் பிரிவு உண்டு, மருந்து இலவசம்.

வீட்டில் இருப்பவர்கள் செய்யக்கூடியது சின்னச் சின்ன வேலைகள். பசிக்கிறதா என்று கேட்காமல், மாலையில் அவர் சற்றுத் தெளியும் நேரம் பார்த்து, கஞ்சியோ மோரோ கையில் கொடுப்பது. கேள்விக்குப் பதில் வரும்வரை பொறுத்திருப்பது. வீட்டை விற்பது, வேலையை விடுவது, நகைகளைப் பிரித்துக் கொடுப்பது போன்ற எந்த முடிவையும் இப்போது எடுக்கவிடாமல் தள்ளிப்போடுவது. கோயிலுக்கு அழைத்துப்போக விரும்பினால் போகலாம், மாத்திரையையும் எடுத்துக்கொண்டு.

ஆறாவது ஈசிடிக்கு மறுநாள் காலை, பெரியப்பா பிளாஸ்க்கில் கொண்டுபோன காப்பியை ஒரு வாய் குடித்துவிட்டு, "டிகாஷன் என்ன இவ்வளவு தண்ணியா இருக்கு?" என்றார் பெரியம்மா. ஏழு மாதத்தில் எதைப் பற்றியும் அவர் சொன்ன முதல் குறை அது. காலையில், அதுவும் ஏழு மணிக்கு. பெரியப்பா வராந்தாவுக்கு வந்து அழுதார்.

எட்டு முறையோடு நிறுத்தினார்கள். மருத்துவர் அன்றைக்கே எச்சரித்தார், பாதிக் கிணறுதான் தாண்டியிருக்கிறோம் என்று. 2001-இல் அமெரிக்காவில் வெளியான ஓர் ஆய்வில், ஈசிடியால் குணமானவர்களுக்கு அதன்பின் வெறும் போலி மாத்திரை கொடுத்தபோது ஆறு மாதத்துக்குள் 84 விழுக்காட்டினருக்கு நோய் திரும்பியது. நார்ட்ரிப்டிலின் என்ற டிரைசைக்ளிக் மருந்து கொடுத்தால் 60. அதோடு மனநிலையை நிலைப்படுத்தும் லித்தியமும் சேர்த்தால் 39. பெரியம்மாவுக்கு அந்த இரண்டும்தான் எழுதினார்கள். லித்தியம் சாப்பிடுபவர்களுக்கு ரத்தத்தில் அதன் அளவும், சிறுநீரகமும் தைராய்டும் அவ்வப்போது பார்க்க வேண்டும். இது ஒன்பதாவது வருடம். மூன்று மாதத்துக்கு ஒருமுறை காலை ஆறரை மணிக்கெல்லாம் குளித்து, ஆட்டோ பிடித்து, வெறும் வயிற்றோடு லேபுக்குத் தனியாகவே போய் ரத்தம் கொடுத்துவிட்டு வருகிறார்.